கடலில்லாத ஊரில் கப்பல் கடிகாரம்

கோபிசெட்டிபாளையத்தில் நண்பகல் பன்னிரண்டு மணிக்கு வருவதில்லை. பன்னிரண்டு இருபதுக்குத்தான் வருகிறது. நம் கையிலும் சுவரிலும் ஓடும் இந்திய நேரம் 82½ டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையின் நேரம்; அந்தக் கோடு வடக்கே மிர்சாப்பூர் பக்கமாகப் போகிறது. கோபி இருப்பது 77.44 டிகிரியில். பூமி ஒரு டிகிரி திரும்ப நான்கு நிமிடம் ஆகும். ஐந்து டிகிரிக்கு இருபது நிமிடம், மிச்சத்துக்குப் பதினான்கு நொடி. அவ்வளவு தாமதமாகத்தான் நம் ஊருக்குச் சூரியன் உச்சிக்கு வருகிறது. இது ஆண்டுச் சராசரி. நவம்பர் தொடக்கத்தில் சூரியன் இந்தக் கணக்கை விடப் பதினாறு நிமிடம் முந்தும்; பிப்ரவரி நடுவில் பதினான்கு நிமிடம் பிந்தும். டிசம்பர் 25 வாக்கில் கணக்கும் சூரியனும் ஒத்துப்போகும்.

இதைத் திருப்பிப் போட்டால் கடலில் தீர்க்கரேகை காணும் முறை வந்துவிடும். கிரீன்விச் நேரம் காட்டும் கடிகாரம் ஒன்று பக்கத்தில் இருக்க வேண்டும். சூரியன் உச்சிக்கு வரும் கணத்தில் அதைப் பார்க்க வேண்டும். டிசம்பர் 25 அன்று கோபியில் அது காலை 6 மணி 50 நிமிடம் 14 நொடி காட்டும். பன்னிரண்டிலிருந்து கழித்தால் 5 மணி 9 நிமிடம் 46 நொடி. அதை டிகிரியாக மாற்றினால் 77.44. ஊர் கிடைத்துவிட்டது. நடுக்கடலில் நிற்கும் மாலுமிக்கும் கணக்கு இதுவேதான். இந்தக் கணக்குக்கு ஈடு கொடுக்கும் கடிகாரம் 18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை உலகத்தில் இல்லை என்பதுதான் சிக்கல்.

நான் கச்சேரிமேட்டுப் பக்கம் வாட்ச் கடை வைத்திருப்பவன். ஹெச்.எம்.டி., சுவர்க் கடிகாரம், அலாரம் டைம்பீஸ் இவற்றில்தான் பிழைப்பு. ஆனால் மேசையின் வலது மூலை கப்பல் கடிகாரத்துக்கு. உடைக்கப்பட்ட கப்பல்களிலிருந்து வெளியேறிக் கை மாறிக் கோவையிலும் கொச்சியிலும் சேகரிப்பவர்களிடம் போய்ச் சேர்ந்தவை, சர்வீஸுக்காக என்னிடம் வருகின்றன. இங்கிலாந்தின் மெர்சர், அமெரிக்காவின் ஹாமில்டன், ரஷ்யாவின் போல்யோட். கடைக்கு வருகிறவர்கள் மரப்பெட்டியைப் பார்த்துவிட்டுக் கேட்பது ஒன்றுதான்: “ஏனுங்க, கடலே இல்லாத ஊர்ல கப்பல் கடியாரத்த வெச்சுக்கிட்டு என்னுங்க பண்றீங்க?”

கடலில் தவறு கண்ணுக்குத் தெரியாது, சுற்றிலும் தண்ணீர்தான். கோபியில் தெரியும். என் கடிகாரம் ஒரு நிமிடம் பிந்தியிருந்து, அது தெரியாமல் கணக்குப் போட்டால் விடை கால் டிகிரி கிழக்கே தள்ளிப்போகும். நம் அட்சரேகையில் கால் டிகிரி என்றால் 27 கிலோமீட்டர். கோபியும் பவானியும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. இடைவெளியும் அதே அளவுதான். ஆக, கடிகாரம் ஒரு நிமிடம் பிந்தினால் நான் பவானி கூடுதுறையில் நிற்கிறேன். ஒரு நிமிடம் முந்தினால் சத்தியமங்கலத்தையும் தாண்டிவிடுகிறேன். வருகிறவர்களுக்கு இதைச் சொன்னதும் அடுத்த கேள்வி பெட்டியைப் பற்றியே வரும்.

மார்கழியில் மொட்டை மாடியில் இந்த உச்சிக் கணக்கைச் செய்து பார்ப்பேன். தரையில் வட்டம் போட்டு நடுவில் நேர்க்குச்சி நட வேண்டும். காலையில் நிழல்நுனி வெளியிலிருந்து உள்ளே வரும்போது வட்டத்தைத் தொடும் நேரத்தைக் குறிக்க வேண்டும். பிற்பகலில் வெளியே போகும்போது தொடும் நேரத்தையும் குறிக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே உச்சி. கோயில் கட்டும் ஸ்தபதிகள் சங்கு என்னும் குச்சியை நட்டுத் திசை பார்ப்பதும் இப்படித்தான். அவர்கள் புள்ளிகளைச் சேர்த்துக் கிழக்கு–மேற்கு எடுக்கிறார்கள், நான் நேரத்தை எடுக்கிறேன். மார்கழிக்குக் காரணம் உண்டு. நிழல் நீளமாக இருக்கும். காலைக்கும் மாலைக்கும் இடையில் சூரியன் வடக்கே தெற்கே நகர்வது மிகக் குறைவு. சித்திரையில் உச்சி வெயில் தலைக்கு மேலேயே நிற்கிறது, நிழல் குச்சியின் காலடியிலேயே முடிந்துவிடும். எப்படிச் செய்தாலும் நிழல்நுனி மங்கலாகத்தான் இருக்கும். சூரியனே அரை டிகிரி அகலம். கப்பலிலோ அடிவானத்திலிருந்து சூரியனின் உயரத்தை அளக்கும் செக்ஸ்டன்ட் தேவைப்பட்டது.

அட்சரேகைக்கு இந்தத் தொல்லை இல்லை. துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அதுவே ஏறக்குறைய அட்சரேகை. இந்தியப் பெருங்கடலில் ஓடியவர்கள் முடிச்சுக் கயிறு கட்டிய சிறு பலகையைக் கொண்டே அதை அளந்தார்கள். கிழக்கு மேற்குக்கு அப்படி ஒரு நட்சத்திரம் கிடையாது. இரண்டு இடத்து நேரத்தையும் ஒப்பிடத்தான் வேண்டும்.

நம் பஞ்சாங்கக்காரர்களுக்கு இது புதிதல்ல. உஜ்ஜயினி வழியாகப் போகும் கோட்டைச் சுழியாக வைத்து, ஒவ்வோர் ஊருக்கும் தேசாந்தரம் என்ற நேர வித்தியாசத்தைக் கூட்டிக் கழித்தார்கள். தேசாந்தரம் காண சூரிய சித்தாந்தம் காட்டும் வழி சந்திர கிரகணம். எல்லா ஊரிலும் ஒரே கணத்தில் தெரிவது அது. உள்ளூர் நேரத்தைக் குறித்து ஒப்பிட்டால் போதும். 1825-இல் சென்னையில் ‘கால சங்கலித’ நூலை வெளியிட்ட ஜான் வாரன், சோழிகளை வைத்து, மனப்பாடமான வாய்பாடுகளைச் சொல்லியே அந்த ஆண்டின் கிரகணத்தைக் கணித்த புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவரைப் பற்றி எழுதியிருக்கிறார். கிரகணம் தொடங்கும் நேரத்தில் சில நிமிட வித்தியாசம்தான். ஆனால் கிரகணம் கேட்கும்போது வராது. கப்பலுக்குத் தினமும் வேண்டும்.

1707-இல் சில்லித் (Scilly) தீவுகளுக்குப் பக்கத்தில் இங்கிலாந்துக் கடற்படையின் நான்கு கப்பல்கள் பாறையில் மோதி ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஏழு ஆண்டு கழித்து 1714-இல் அந்நாட்டு நாடாளுமன்றம் கடலில் தீர்க்கரேகை காணும் முறைக்குப் பரிசு அறிவித்தது. மேற்கிந்தியத் தீவுகள் வரை போய்ச் சேரும்போது தவறு அரை டிகிரிக்குள் இருந்தால் 20,000 பவுண்டு. அரை டிகிரி என்றால் இரண்டு நிமிடம். ஆறு வாரப் பயணத்துக்குப் பங்கு போட்டால் நாளுக்கு மூன்று நொடிக்கும் குறைவு. ஊசல் கடிகாரம் ஆடும் கப்பலில் ஒழுங்காக ஓடாது. அக்காலத்துப் பாக்கெட் கடிகாரம் நாளுக்கு ஒரு நிமிடம் பிசகுவது சாதாரணம்.

இந்தப் பரிசுக்கு முயன்ற ஜான் ஹாரிசன் ஒரு தச்சர். முதலில் அவர் செய்த கடிகாரங்களில் சக்கரங்களே மரம். எண்ணெய் கேட்காத, தானே பிசின் கசியும் மரத்தில் அச்சுத் தாங்கிகள். 1735-இல் முதல் கடல் கடிகாரத்தை முடித்தார். மூன்றாவதுக்கு மட்டும் பத்தொன்பது ஆண்டு. கடைசியில் 1759-இல் வந்தது நான்காவதான ஹெச்-4, 13 செ.மீ. அகலத்தில் பெரிய பாக்கெட் வாட்ச் போல. நொடிக்கு ஐந்து துடிப்பு. 1761 முடிவில் மகன் வில்லியம் அதை ஜமைக்காவுக்குக் கொண்டுபோனார். 81 நாள் கழித்து அது 5.1 நொடி பிந்தியிருந்தது.

இந்த 5.1 நொடியை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். முள் காட்டிய நேரம் அதைவிட நிறையப் பிந்தியிருந்தது. புறப்படும் முன்பே அது நாளுக்கு இரண்டே முக்கால் நொடிக்குச் சற்றுக் குறைவாகப் பிந்துகிறது என்று பார்த்திருந்தார்கள். அந்தப் பிந்தலை நாள் கணக்கால் பெருக்கிக் கூட்டிய பிறகு மிஞ்சியதுதான் 5.1. பரிசுக் குழுவுக்கும் ஹாரிசனுக்கும் நடந்த சண்டையில் ஒரு பகுதி இதைப் பற்றியதுதான். நாளுக்கு இவ்வளவு பிந்தும் அல்லது முந்தும் என்ற அளவுக்கு எங்கள் தொழிலில் ரேட் என்று பெயர். கப்பல் கடிகாரத்தின் உயிர் அதில் இருக்கிறது.

கடையில் இரண்டு கடிகாரம் வைத்துக் காட்டுகிறேன் என்று வையுங்கள். ஒன்று தினமும் நான்கு நொடி பிந்துகிறது. நேற்றும் நான்கு, இன்றும் நான்கு, அடுத்த மாதமும் நான்கு. இன்னொன்று இன்று ஒரு நொடி முந்தும், நாளை இரண்டு பிந்தும், மறுநாள் ஒன்று முந்தும். மாத முடிவில் பார்த்தால் ரேடியோ நேரத்தோடு கச்சிதமாக நிற்கும். பத்துப் பேரில் ஒன்பது பேர் இரண்டாவதைத்தான் வாங்குவார்கள். மாலுமி முதலாவதை எடுப்பார். முதலாவது எங்கே இருக்கும் என்று கடல் நடுவே சொல்லிவிடலாம். இரண்டாவது எந்த நாளில் எங்கே இருக்கும் என்று யாருக்கும் தெரியாது; மாத முடிவில் சரியாக நின்றது அதன் அதிர்ஷ்டம்.

ஆகவே கப்பலில் கடிகாரத்தின் முள்ளைத் தொடுவதில்லை. புறப்படும் துறைமுகத்தில் எவ்வளவு பிழை, நாளுக்கு எவ்வளவு ரேட் என்று எழுதிக்கொள்வார்கள். பிறகு நோட்டில்தான் திருத்தம். நாளுக்கு இரண்டு நொடி பிந்தும் கடிகாரத்தின் ரேட்டைச் சேர்க்க மறந்தால் முப்பது நாளில் ஒரு நிமிடம் போய்விடும், மறுபடி பவானிதான். ஒரே கடிகாரம் இருந்தால் அது ரேட் மாறியதா என்று தெரியாது. இரண்டு இருந்தால் எது மாறியது என்று தெரியாது. மூன்று இருந்தால் கெட்டது தனித்துத் தெரியும். 1831-இல் கிளம்பிய பீகிள் கப்பலில் 22 கடிகாரங்கள் இருந்தன.

இப்போது பெட்டியைத் திறப்போம். உள்ளே பித்தளைக் கிண்ணம், இரு வளையத்தில் தொங்குகிறது. பெட்டி எப்படிச் சாய்ந்தாலும் முகப்பு வானத்தைப் பார்க்கும். முகப்பின் மேலே ஒரு சிறு வட்டம், 0 முதல் 56 வரை: சாவி கொடுத்து எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று காட்டும். கீழே நொடி முள். அது அரை அரை நொடியாகத் தாவும். கண்ணை செக்ஸ்டன்டில் வைத்துக்கொண்டு காதாலேயே எண்ணலாம்.

சாவி தினமும் ஒரே நேரத்தில், வழக்கமாகக் காலை எட்டு மணிக்கு. இடது கையால் கிண்ணத்தை மெல்லத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, அடியில் இருக்கும் மூடியைத் தள்ளிச் சாவியை நுழைக்க வேண்டும். பிறகு எண்ணிக்கொண்டே திருக வேண்டும். கடைசி அரைச் சுற்றில் கை தானாக மெதுவாகிவிடும். தடுப்பில் முட்டும் இடத்தை விரல் முன்கூட்டியே அறிந்திருக்கும். இரண்டு நாள் ஓடக்கூடியதற்கு ஏன் தினமும் சாவி என்று கேட்பார்கள். முறுக்கு எப்போதும் ஒரே பகுதியில் வேலை செய்தால் ரேட்டும் ஒரே மாதிரி இருக்கும். அதற்காகத்தான் உள்ளே கூம்பு வடிவ உருளை ஒன்றில் மயிரிழைச் சங்கிலி சுற்றியிருக்கிறது. மெயின் ஸ்பிரிங் தளரத் தளரச் சங்கிலி அகலமான பக்கத்துக்கு இறங்கி, குறையும் இழுப்பை ஈடு செய்கிறது.

முழுக்க நின்றுபோன கப்பல் கடிகாரம் சாவி கொடுத்தாலும் ஓடாது. கிண்ணத்தைக் கால் வட்டம் சட்டென்று திருப்ப வேண்டும். முன்னும் பின்னும் ஆடி நேரத்தை எண்ணும் பேலன்ஸ் வீல் அந்த வீச்சில் உயிர் பெறும். நேரம் வைப்பதும் இப்படித்தான். முள் காட்டும் நேரம் வெளியே வரும்வரை காத்திருந்து, அந்த நொடியில் திருப்பிவிடுவேன்.

இப்படித் தானே புறப்படாமல் இருப்பதற்குக் காரணம், சக்கரத்தை ஒவ்வொரு பல்லாக விடும் எஸ்கேப்மென்ட். சாதாரண வாட்ச்சில் எஸ்கேப் சக்கரத்தின் பல்லும் பேலட் கல்லும் உரசிக்கொண்டே இருக்கும், அங்கே எண்ணெய் வேண்டும், எண்ணெய் நாளாக நாளாகத் தடிக்கும், ரேட் மாறும். பிரான்சில் பியேர் லெ ருவா, பிறகு இங்கிலாந்தில் ஜான் அர்னால்ட், தாமஸ் எர்ன்ஷா ஆகியோர் கொண்டுவந்த ஏற்பாட்டில் மெல்லிய பிளேடு ஒன்று சக்கரத்தைப் பிடித்து நிறுத்துகிறது. பேலன்ஸ் ஒரு பக்கம் போகும்போது மட்டும் அதை விலக்க, சக்கரப் பல் ஒரு தட்டுத் தட்டிவிட்டு மறுபடி நிற்கிறது. மற்ற நேரமெல்லாம் பேலன்ஸ் யாரும் தொடாமல் ஆடுகிறது. அந்தப் பற்களில் எண்ணெய்க்கு வேலையே இல்லை. லூப் போட்டுப் பார்த்தால் அந்தப் பிளேடு வெளிச்சத்தில் ஒரு கோடாகத்தான் தெரியும். ட்வீசர் அதன் பக்கம் போகும்போது நான் பேச்சை நிறுத்திவிடுவேன். அது வளைந்தால் சரிப்படுத்த முடியாது. புதிதாகச் செய்யத்தான் வேண்டும்.

அடுத்த எதிரி வெயில். சூடானால் பேலன்ஸை ஆட்டும் எஃகு ஹேர் ஸ்பிரிங் தளரும். எந்த ஈடும் செய்யாத கடிகாரம் ஒரு டிகிரி சூட்டுக்கு நாளுக்குப் பத்து நொடி அளவுக்குப் பிந்தும். நம் மார்கழி விடியலுக்கும் சித்திரை மதியத்துக்கும் இருபது டிகிரி வித்தியாசம், கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். அதனால் பேலன்ஸின் விளிம்பை இரண்டாக வெட்டி, உள்ளே எஃகும் வெளியே பித்தளையும் ஒட்டிச் செய்தார்கள். சூட்டில் பித்தளை அதிகம் நீண்டு விளிம்பை உள்பக்கம் வளைக்கும். பேலன்ஸ் வேகம் கூடும். ஸ்பிரிங்கின் தளர்ச்சி ஈடாகும். இரண்டு உலோகத்தைச் சேர்த்து வெப்பத்தைச் சரிக்கட்டும் இந்த யோசனை ஹாரிசனுடையது. இதிலும் ஒரு குறை: இரண்டு வெப்பநிலையில்தான் ஈடு முழுமையாகும். நடுவில் கடிகாரம் சிறிது முந்தும். வெப்பத்துக்கு அசையாத நிக்கல் எஃகுக் கலவைகளைக் கண்டுபிடித்த சார்லஸ் கியோமுக்கு 1920-இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. கடிகாரக்காரர்களின் இந்தத் தலைவலியும் அத்துடன் பெருமளவு தீர்ந்தது. பழைய தொழிற்சாலைகளில் அடுப்பும் ஐஸ் பெட்டியும் வைத்துச் சோதித்ததை எனக்குக் கோபியின் பருவமே செய்து கொடுக்கிறது. அதனால் ஒரு பெட்டி என்னிடம் மாதக்கணக்கில் இருக்கும். அவசரப்படுகிறவர்களுக்கு நான் ஒத்துவர மாட்டேன்.

இந்தக் கதையில் சென்னைக்குத் தனி இடம் உண்டு. கடிகாரத்துக்குப் போட்டியாகச் சந்திரனுக்கும் நட்சத்திரங்களுக்கும் உள்ள தூரத்தை அளந்து நேரம் காணும் முறையை வளர்த்தவர் நெவில் மாஸ்கலின். 1767 முதல் அதற்கான பஞ்சாங்கத்தை வெளியிட்டார். அவருடைய தங்கை மார்கரெட்டைத்தான் 1753-இல் ராபர்ட் கிளைவ் சென்னைக் கோட்டையின் செயின்ட் மேரி தேவாலயத்தில் மணந்தார். 1786-இல் வில்லியம் பெட்ரி எழும்பூரில் தன் வீட்டில் வானாய்வகம் வைத்தார். கிழக்கிந்தியக் கம்பெனி அதை எடுத்துக்கொண்டு 1792-இல் நுங்கம்பாக்கத்தில் கட்டிடம் எழுப்பியது. நோக்கமாகச் சொன்னவற்றுள் வானியலோடு கடல் வழிகாணலும் இருந்தது. அங்கு நட்ட கருங்கல் தூண் இன்றும் வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது; கல்வெட்டில் தமிழும் உண்டு. பெட்ரி தந்த ஜான் ஷெல்டன் கடிகாரம் கொடைக்கானல் வானாய்வகத்தில் பாதுகாக்கப்படுகிறது.

துறைமுகத்துக்கு வரும் கப்பல் தன் ரேட்டைச் சரிபார்க்க வேண்டுமானால் அந்த ஊரின் தீர்க்கரேகை நிச்சயமாகத் தெரிய வேண்டும். அந்த வானாய்வகத்தின் வானியலர் ஜான் கோல்டிங்ஹாம் வியாழனின் துணைக்கோள்கள் நிழலில் மறையும் நேரங்களைப் பார்த்து, சென்னை கிரீன்விச்சை விட 5 மணி 21 நிமிடம் 14 நொடி முன்னால் என்று 1802-இல் முடிவு சொன்னார். உண்மை 5 மணி 20 நிமிடம் 59 நொடி சொச்சம். அசையாத தரை, நல்ல தொலைநோக்கி, பயிற்சி பெற்ற கண் எல்லாம் இருந்தும் 15 நொடி. அந்தக் கணக்குப்படி நுங்கம்பாக்கம் வானாய்வகம் மெரினாவைத் தாண்டி வங்கக் கடலுக்குள் இருந்திருக்கும். துணைக்கோள் பட்டென்று அணைவதில்லை, மெல்ல மங்குகிறது, எந்தக் கணத்தை மறைவு என்பது என்று கண்ணுக்குக் கண் மாறும். வில்லியம் லாம்டன் தொடங்கிய பெரும் நில அளவை கொங்கு நாட்டு வழியாகத்தான் தெற்கே போனது. அதன் தீர்க்கரேகைகளெல்லாம் சென்னையிலிருந்தே எண்ணப்பட்டவை. ஒருமுறை திருத்திய பிறகும் நாலரைக் கிலோமீட்டர் தவறு மிஞ்சியது. தந்திக் கம்பி வழியாக நேரத்தை அனுப்ப முடிந்த பிறகுதான் அது தெரிந்தது. ஆனால் அளவைத் துறை எல்லா வரைபடங்களையும் உடனே அழித்து வரையவில்லை. தீர்க்கரேகையிலிருந்து இவ்வளவு கழித்துக்கொள்க என்று ஓரத்தில் அச்சடித்தார்கள். முள்ளைத் தொடாமல் நோட்டில் திருத்தும் அதே வழக்கம்.

இன்று கைப்பேசி நொடியில் இடம் சொல்லிவிடுகிறது, இதெல்லாம் எதற்கு என்பார்கள். கைப்பேசிக்கு இடம் சொல்வதும் கடிகாரம்தான். செயற்கைக்கோளின் அணுக் கடிகாரம் ஒரு நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு பிசகினால் கணக்கில் 30 செ.மீ. பிசகும். இடங்காட்டும் நம் நாவிக் செயற்கைக்கோள் வரிசையின் முதல் கோள் 2013-இல் ஏவப்பட்டது. அதிலிருந்த மூன்று ருபீடியம் கடிகாரங்களும் பழுதானதும் கோளால் இடம் காட்ட முடியாமல் போயிற்று. 2023 மே மாதம் போன என்.வி.எஸ்.-01 கோளில் இந்தியாவிலேயே செய்த ருபீடியம் கடிகாரம் இருக்கிறது.

எனக்குப் பிடித்த செய்தி வேறு. ஜி.பி.எஸ். கோள்களின் கடிகாரத்தைத் தரையிலிருந்து ஓயாமல் திருத்திக்கொண்டிருப்பதில்லை. அது இப்போது எவ்வளவு பிசகியிருக்கிறது, எந்த வேகத்தில் பிசகுகிறது என்று கண்காணித்து, அந்த எண்களையும் சேர்த்தே கோள் ஒலிபரப்புகிறது. கைப்பேசி கூட்டிக் கழித்துக்கொள்கிறது. பிழையும் ரேட்டும் எழுதிய தாள்தான் அது. ஜமைக்காவில் 5.1 நொடிக் கணக்கைத் தந்ததும் அதே வழிதான்.

வீட்டில் அப்பாரு காலத்து ஹெச்.எம்.டி. இருந்தால் எடுத்துப் பாருங்கள். காலையில் ஒரே நேரத்தில் சாவி கொடுங்கள், கைப்பேசி நேரத்தோடு ஒப்பிட்டு வித்தியாசத்தை நோட்டில் எழுதுங்கள், முள்ளை மட்டும் தொடாதீர்கள். பத்து நாள் வித்தியாசம் சீராகக் கூடிக்கொண்டே போனால், எவ்வளவு பிந்தினாலும் அது நல்ல கடிகாரம். ரேட் வைத்துத் தருவது என் வேலை. நாளுக்கொரு பக்கம் தாவினால் உள்ளே அழுக்குச் சேர்ந்திருக்கிறது, அல்லது எண்ணெயோ அச்சு முனையோ கெட்டிருக்கிறது. அப்போதும் முதலில் நோட்டைக் கொண்டு வாருங்கள். கடிகாரத்தைத் திறப்பதற்கு முன் நான் படிக்க வேண்டியது அதைத்தான்.